பத்தாம் வகுப்பு முடிக்கும் மகள்: டூயல் கிரெடிட்டா, ஏ.பி.யா? (டெக்சாஸ்)

வைகைக்கரை | பிரிஸ்கோ, டெக்சாஸ்

வணக்கம் நண்பர்களே. மகள் பத்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு எதிரே மூன்று கட்டங்கள்: ஏ.பி., டூயல் கிரெடிட், ஆன்ராம்ப்ஸ். வரலாற்றுக்கும் அப்படியே. பள்ளியின் பாடத்தேர்வு ஆலோசகரைக் கேட்டால் மூன்றுமே நல்லவைதான் என்கிறார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கவனிப்பவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எனக்குப் புரிந்த வரையில், டூயல் கிரெடிட் என்பது பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) பாடத்தைப் பள்ளியில் இருந்தபடியே படிப்பது. தேறினால் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். ஏ.பி. என்றால் ஆண்டு முழுவதும் படித்து மே மாதம் ஒரே தேர்வு. ஐந்துக்கு எத்தனை என்று ஜூலையில் வரும். அதற்குக் கிரெடிட் (பட்டத்துக்கு எண்ணப்படும் பாட அலகு) உண்டா இல்லையா என்று கல்லூரி சொல்லும்.

மகளுக்குக் கணினி அறிவியலா, மருத்துவமா என்பதில் ஊசலாட்டம். யூ.டி. ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மேல் ஒரு கண். எங்கள் தெருவில் ஒருவர், தன் பையன் அறுபது கிரெடிட்டோடு கல்லூரிக்குப் போனான், இரண்டு ஆண்டுக் கட்டணம் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மனைவிக்கு உறக்கமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மழைநகரத்தாள் | பெல்வியூ, வாஷிங்டன்

எங்கள் மாநிலத்தில் இதற்கு ரன்னிங் ஸ்டார்ட் என்று பெயர். 1990-ல் சட்டமன்றம் கொண்டுவந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜுக்கே போய்ப் படிக்கலாம். பயிற்றுக் கட்டணம் கிடையாது. புத்தகமும் போக்குவரத்தும் நம் செலவு.

என் மகள் இரண்டு ஆண்டும் அப்படித்தான் படித்தாள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து, "அம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உன் வயது" என்றாள். இரவுப்பணி முடித்துவிட்டு வரும் செவிலியர் உதவியாளர் அவர். குழுவாகச் செய்ய வேண்டிய கட்டுரையில் இவள் தாமதமாக்கியபோது, அந்தப் பெண்மணி ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: "எனக்கு இந்த மதிப்பெண் வேலைக்கு வேண்டும்." நான் பத்து ஆண்டுகளாகச் சொல்லியும் நடக்காத மாற்றம் அன்றே நடந்தது.

ஆனால் பள்ளி நாட்கள் அவளுக்குப் பாதிதான் கிடைத்தன. காலை முழுக்கக் கல்லூரி, மதியம் பள்ளி இசைக்குழு. தோழிகள் எல்லாரும் ஒரே மதிய உணவு நேரத்தில் இருக்க, இவள் 271-ஆம் எண் பஸ்ஸில் இருப்பாள். இதையும் கணக்கில் வையுங்கள்.

நேர்கோடு | டாலஸ் பக்கம்

யோசிக்கவே வேண்டாம் சார். டூயல் கிரெடிட் எடுங்கள், முடிந்த அளவு எடுங்கள். ஏ.பி.யில் ஆண்டு முழுக்க உழைத்து, தேர்வன்று காய்ச்சல் வந்தால் எல்லாம் போச்சு. டூயல் கிரெடிட்டில் ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்தாலே "ஏ" கிடைக்கும். என் மகன் கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் ஒரே மாதத்தில் வாங்கினான்.

குறளி | ஹூஸ்டன்

வைகைக்கரை ஐயா, உங்கள் தெருக்காரர் இவர்தானோ?

நேர்கோடு | டாலஸ் பக்கம்

இல்லை அம்மா, நான் வேறு தெரு. ஆனால் கணக்கு ஒன்றுதான்.

சுண்ணக்கட்டி | டெக்சாஸ்

நான் இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப்பேர் டூயல் கிரெடிட் பிள்ளைகள். உள்ளே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், இது பயிற்சி ஆட்டம் இல்லை. முதலாண்டு ஆங்கிலப் பாடமான இங்கிலீஷ் 1301-ல் உங்கள் மகள் வாங்கும் எழுத்து, கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) நிரந்தரமாக உட்காரும். பதினாறு வயதில் வாங்கிய "சி"-யை இருபத்திரண்டு வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் காட்ட வேண்டும். ஏ.பி.யில் 2 வாங்கினால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பெரும்பாலான பெற்றோர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, உயர்நிலைப் பள்ளியில் தேர்வை மறுபடி எழுத விடுவார்கள், தாமதமான வீட்டுப்பாடத்துக்கும் பாதி மதிப்பெண் தருவார்கள். என் சிலபஸின் மூன்றாம் பக்கத்தில், ஞாயிறு இரவு 11:59-க்குப் பிறகு வரும் கட்டுரைக்குப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் 12:04-க்கு ஒரு கட்டுரை வரும். அதைத் தொடர்ந்து, பையன் எவ்வளவு நல்லவன் என்று விளக்கும் மின்னஞ்சல் ஒன்று அப்பாவிடமிருந்து வரும்.

அந்த மின்னஞ்சலுக்கு என்னால் பதில் போட முடியாது. பெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரிப் பதிவேடுகளின் உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது, அவருக்குப் பதினாறு வயதுதான் என்றாலும். வரிக்கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விவரம் தரலாம். ஆனால் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. மகள் தானே பேராசிரியரிடம் போய்ப் பேசுவாளா? பேசுவாள் என்றால் பாதிக் கவலை விட்டது.

மூன்றாவது, யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். சில பள்ளிகளில் பள்ளி ஆசிரியரே கல்லூரியின் சார்பாக நடத்துவார். அதற்கு அவருக்கு முதுகலைப் பட்டமும், அந்தப் பாடத்தில் பதினெட்டு மணிநேர (மணிநேரம் என்பது கிரெடிட் கணக்கு) முதுநிலைப் படிப்பும் இருக்க வேண்டும் என்பது இந்தப் பகுதிக் கல்லூரிகள் வழக்கமாகப் பின்பற்றும் அளவுகோல். வேறு சில இடங்களில் எல்லாம் ஆன்லைன். எட்டு வார ஆன்லைன் வகுப்பில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால், எட்டில் ஒரு பங்கு போயிற்று. முதல்முறை எடுக்கும் பிள்ளைக்குப் பதினாறு வார வகுப்பே நல்லது.

வைகைக்கரை | பிரிஸ்கோ, டெக்சாஸ்

மிக்க நன்றி ஐயா. ஆன்ராம்ப்ஸ் பற்றியும் ஒரு வரி சொல்ல முடியுமா?

சுண்ணக்கட்டி | டெக்சாஸ்

அது யூ.டி. ஆஸ்டினின் சொந்தத் திட்டம். ஒரே பாடத்துக்கு இரண்டு தனி மதிப்பெண்: பள்ளி மதிப்பெண்ணைப் பள்ளி ஆசிரியர் போடுவார், கல்லூரி மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்தார் போடுவார்கள். கடைசியில் கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, கிரெடிட்டை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பயந்த பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

வெள்ளைமேலங்கி | சான் அன்டோனியோ

மருத்துவம் என்ற சொல் கண்ணில் பட்டதால் வருகிறேன். என் மூத்தவள் இப்போது மருத்துவக் கல்லூரியில்.

பட்டப்படிப்புக்குப் பிறகு சேரும் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குத் தனியாக டி.எம்.டி.சாஸ். இரண்டிலும், பள்ளியில் படிக்கும்போது எடுத்த டூயல் கிரெடிட் பாடம் உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் காட்ட வேண்டும். ஆம்காஸ் அவற்றையெல்லாம் சேர்த்துத் தானே ஒரு ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) போட்டுக்கொள்ளும், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் பிரித்துத் தனியாக இன்னொன்றும் போடும். சேர்ந்த பல்கலைக்கழகம் அந்தப் பழைய "பி"-யைத் தன் ஜி.பி.ஏ.யில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். ஆம்காஸ் விடாது.

இன்னொன்று. ஏ.பி. உயிரியலில் 5 வாங்கி, முதலாண்டு உயிரியலைத் தாண்டிவிட்டேன் என்று மகிழ்ந்தால், பல மருத்துவக் கல்லூரிகள் அந்த ஏ.பி. கிரெடிட்டை முன்தேவைப் பாடமாக ஏற்பதில்லை. அல்லது அதற்குமேல் ஓர் உயர்நிலைப் பாடம் கேட்கின்றன. ஆக, மருத்துவ ஆசை இருக்கும் பிள்ளை அறிவியல் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் பதினோராம் வகுப்பிலேயே முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏ.பி.யாகப் படிக்கட்டும், அடித்தளம் பலமாகும். கல்லூரியில் மறுபடி எடுக்கட்டும், "ஏ" வாங்கட்டும். வரலாறு, அரசியல் எல்லாம் டூயல் கிரெடிட்டில் போகட்டும்.

நேர்கோடு | டாலஸ் பக்கம்

மறுபடி எடுப்பதற்கு முதலில் ஏன் எடுக்க வேண்டும்? பணம் மரத்திலா காய்க்கிறது?

வெள்ளைமேலங்கி | சான் அன்டோனியோ

ஏ.பி. தேர்வுக் கட்டணம் 2025-ல் 99 டாலர். மருத்துவ விண்ணப்பம் ஒரு சுற்று தோற்றால் என்ன செலவு என்று கேட்டுப்பாருங்கள் அண்ணா.

கணக்கன் | ஆஸ்டின்

நேர்கோடு அவர்களிடம் ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. உங்கள் மகன் அறுபது கிரெடிட்டோடு போனாரே, எத்தனை ஆண்டில் பட்டம் வாங்கினார்?

நேர்கோடு | டாலஸ் பக்கம்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மூன்றரை.

கணக்கன் | ஆஸ்டின்

அதைத்தான் எதிர்பார்த்தேன். அறுபது கிரெடிட் என்பது காகிதத்தில் இரண்டு ஆண்டு. அரை ஆண்டுதான் குறைந்தது. ஏன் என்று வைகைக்கரை அண்ணனுக்காக விரித்துச் சொல்கிறேன். இந்த இழையில் என் பங்கு இது ஒன்றுதான்.

டெக்சாஸ் அரசுக் கல்லூரி எதில் சேர்ந்தாலும் 42 மணிநேரப் பொதுப்பாடத் தொகுதி ஒன்று உண்டு. அதற்குள்தான் ஆங்கிலம், வரலாறு, அரசியல், கலை, சமூகவியல் எல்லாம். அமெரிக்க வரலாறு ஆறு மணிநேரம், அரசியல் ஆறு மணிநேரம் என்பது மாநிலச் சட்டமே. கணினி படித்தாலும் இசை படித்தாலும் தப்ப முடியாது. கம்யூனிட்டி காலேஜ்களில் இவற்றுக்கு மாநிலப் பொது எண்கள் இருக்கின்றன: ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306. பிரிஸ்கோ பிள்ளைகள் வழக்கமாகப் போகும் காலின் காலேஜில் எடுத்தாலும், எல் பாசோவில் எடுத்தாலும் அதே எண். பட்டத் திட்டத்தின் இந்தப் பெட்டிகளுக்குள் விழும் டூயல் கிரெடிட், மாநிலத்துக்குள் வீணாகாது.

சிக்கல் அதற்குப் பிறகு. பொறியியலிலும் கணினியிலும் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். கால்குலஸ் முடித்தால்தான் அடுத்த கணிதம், அது முடிந்தால்தான் இயற்பியலின் அடுத்த பகுதி, பிறகு துறைப் பாடம், அதற்குப் பின்னால் அடுத்த துறைப் பாடம். அந்தக் கோவையின் நீளமே ஏழு எட்டு செமஸ்டர். பொதுப்பாடங்களை முன்னதாக முடித்தால் ஒவ்வொரு செமஸ்டரும் இலகுவாகும். செமஸ்டர்களின் எண்ணிக்கை குறையாது. உளவியலும் நாடக ரசனையும் எடுத்துச் சேர்த்த கிரெடிட்டுகளை ஏற்றுக்கொண்டோம் என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பும். ஏற்பது வேறு, பட்டத்துக்குள் பொருத்துவது வேறு. பெட்டி இல்லாத கிரெடிட் விருப்பப்பாடக் கணக்கில் போய் உட்காரும், அவ்வளவுதான்.

ஆகவே மகள் போக நினைக்கும் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் பட்டத் திட்டத்தை இணையத்தில் இறக்கி அச்சடியுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் எந்தப் பெட்டியில் வைப்பது என்று பென்சிலால் எழுதுங்கள். பெட்டி கிடைக்காத பாடத்தைக் கிரெடிட்டுக்காக எடுக்காதீர்கள். பிடித்து எடுத்தால் அது வேறு கதை.

மழைநகரத்தாள் | பெல்வியூ, வாஷிங்டன்

கணக்கன் சொல்வது மாநிலத்துக்குள் சரி. வெளிமாநிலத்துக்கும் தனியார் கல்லூரிக்கும் போனால் கதையே மாறும். ஹார்வர்டும் கால்டெக்கும் ஏ.பி.க்குப் பாடக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் 2014-லிருந்து நிறுத்திவிட்டது. எம்.ஐ.டி. கால்குலஸ் பி.சி.யில் 5 வாங்கினால் முதல் கணிதப் பாடத்துக்கு மட்டும் விலக்கு தருகிறது. ஆனாலும் அங்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஏ.பி.யை அள்ளி எடுக்கிறார்கள், சேர்க்கைக் குழுவின் பார்வைக்காக.

எங்கள் உறவினர் மகன் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களோடு வேறு மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போனான். பள்ளிச் சான்றிதழ் வாங்கவும் பயன்பட்ட பாடத்துக்குக் கிரெடிட் இல்லை என்று அவர்கள் விதி வைத்திருந்தார்கள். ஒரு பெட்டிகூட நிரம்பவில்லை. விதி இணையதளத்திலேயே இருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வைகைக்கரை | பிரிஸ்கோ, டெக்சாஸ்

தகவல் மேல் தகவலாக வருகிறது, எல்லாருக்கும் நன்றி. ரேங்க் பற்றி யாராவது சொல்லுங்கள். யூ.டி. ஆஸ்டினில் தானாகச் சேர்க்கை இப்போது வகுப்பின் முதல் ஐந்து சதவீதத்துக்கு மட்டும் என்கிறார்களே?

குறளி | ஹூஸ்டன்

ஆமாம், ஆறாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து ஐந்து. அதுவும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மட்டும்தான். கணினித் துறை கிடைக்கும் என்று எந்தச் சதவீதமும் உறுதி தருவதில்லை.

ரேங்க் கணக்கில் உங்கள் பள்ளி மாவட்டம் டூயல் கிரெடிட்டுக்கு எவ்வளவு எடை தருகிறது என்று பாருங்கள். சில மாவட்டங்களில் ஏ.பி.க்குச் சமம், சிலவற்றில் அரைப்படி கீழே. எங்கள் பக்கம் ஒரு பெண் இந்த எடையை மட்டும் பார்த்து, பிடிக்காத ஏ.பி. பாடங்களாக எடுத்து, உட்கார்ந்து அழுதாள். முதல் ஐந்துக்குள் வந்தாள் என்பதும் உண்மை. நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இரண்டாமாண்டு | காலேஜ் ஸ்டேஷன்

அங்கிள், ஆன்ட்டி, எல்லாருக்கும் வணக்கம். அம்மா இந்த இழையை அனுப்பிப் பதில் எழுதச் சொன்னார். நான் டூயல் கிரெடிட்டும் ஏ.பி.யும் கலந்து எடுத்தவன். (தமிழில் பிழை இருந்தால் அம்மா திருத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.)

நீங்கள் யாரும் சொல்லாத ஒரு பயன் இருக்கிறது. இங்கே அடுத்த செமஸ்டருக்கு வகுப்புப் பதிவு செய்யும் வரிசை, கையில் இருக்கும் மணிநேரத்தைப் பொறுத்தது. நான் முதலாண்டிலேயே மேலாண்டு மாணவர்களோடு பதிவு செய்தேன். நல்ல பேராசிரியர், காலை எட்டு மணி அல்லாத வகுப்பு, இரண்டும் கிடைத்தன. அறைத்தோழன் மீதி இருந்ததைப் பொறுக்கிக்கொண்டான்.

சீக்கிரம் முடிப்பது பற்றி: என்னால் மூன்று ஆண்டில் முடிக்க முடியும். முடிக்கப்போவதில்லை. கோடை இன்டர்ன்ஷிப் ஒன்று குறைந்துவிடும், எனக்கு நான்கு ஆண்டுக்குத் தந்திருக்கும் ஸ்காலர்ஷிப்பில் கடைசி ஆண்டும் போய்விடும். அந்த இடத்தில் இரண்டாவதாகப் புள்ளியியல் படிக்கிறேன்.

கால்குலஸைத் தாண்டுவதில் மட்டும் கவனம். ஏ.பி.யில் 5 வாங்கி நேராக மூன்றாம் கால்குலஸில் உட்கார்ந்தேன். முதல் தேர்வில் தொடர்கள் பற்றிய பகுதி மறந்தே போயிருந்தது, ஏனென்றால் அதைப் படித்து ஒரு வருடத்துக்கு மேல். கோடையில் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

எச்4வீடு | ஜார்ஜியா

என் கேள்வி கொஞ்சம் வேறு. நாங்கள் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், இந்த ஜென்மத்தில் வருமா தெரியாது. மகன் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கிறான், 21 வயதானால் அது போய்விடும். கிரெடிட்டுகளைச் சேர்த்து அதற்குள் பட்டம் முடித்துவிட்டால் நல்லதல்லவா?

கணக்கன் | ஆஸ்டின்

நம்மவர்கள் பலர் இப்படி நினைக்கிறார்கள், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எச்-4-ல் இருந்தபடியே பட்டம் முடித்தால், பட்டத்துக்குப் பின் வேலை செய்யும் ஓ.பி.டி. அனுமதி கிடையாது, அது எப்-1 மாணவர் விசாவுக்கு உரியது. ஆகையால் பட்டம் முடிவதற்கு முன்பே எப்-1-க்கு மாறித்தான் ஆக வேண்டும். அவசரமாக முடிப்பதில் பயன், செலவு குறைவது மட்டும். உங்கள் மாநிலத்தில் டூயல் என்ரோல்மென்டுக்கு அரசு செலுத்தும் கட்டணத்துக்கு 30 மணிநேர உச்சவரம்பும் 2020-லிருந்து இருக்கிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனிமூட்டை | மினியாபொலிஸ்

எல்லாரும் டெக்சாஸையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பள்ளியில் இருந்தபடி கல்லூரியில் படிக்கும் மாநிலத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது மினசோட்டா, 1985-ல். கட்டணத்தோடு புத்தகமும் இலவசம்.

இன்னொன்றும் சொல்கிறேன், இங்கே யாரும் தொடவில்லை. இருமொழித் திறனுக்கான முத்திரையை உயர்நிலைப் பள்ளியில் வாங்கும் பிள்ளைகளுக்கு எங்கள் மாநில அரசுக் கல்லூரிகள் மொழிக் கிரெடிட் தருகின்றன, கட்டணமில்லாமல். அவந்த் நிறுவனத்தின் தேர்வில் தமிழும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளிக்குப் போக அடம்பிடித்த என் பையன் இதைக் கேட்டதும் தானே காரில் ஏறி உட்கார்ந்தான். பாரதியால் ஆகாதது கிரெடிட்டால் ஆயிற்று.

குறளி | ஹூஸ்டன்

சிரித்துவிட்டேன். செலவுதான் கவலை என்றால் கிளெப் தேர்வும் இருக்கிறது. வகுப்பே வேண்டாம், தேர்வு மட்டும். 80-க்கு 50 எடுத்தால் பல அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவச இணையப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்தையும் அவர்களே கட்டுகிறார்கள். பெரிய கல்லூரிகளில் இதற்கு மதிப்புக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நேர்கோடு | டாலஸ் பக்கம்

எல்லாம் சரி. ஆனால் மூன்றரை ஆண்டிலும் எங்களுக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சம்தான். பையன் கடனில்லாமல் வெளியே வந்தான். அதைச் சின்னதாக்காதீர்கள்.

கணக்கன் | ஆஸ்டின்

சின்னதாக்கவில்லை அண்ணா. அறுபதையும் இரண்டு ஆண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதைத்தான் மறுத்தேன்.

வைகைக்கரை | பிரிஸ்கோ, டெக்சாஸ்

நேற்று இரவு மகளையும் உட்காரவைத்து, ஆஸ்டின், காலேஜ் ஸ்டேஷன், டாலஸ் மூன்று ஊர்ப் பல்கலைக்கழகங்களின் பட்டத் திட்டங்களையும் அச்சடித்துப் பார்த்தோம். ஆங்கிலம் 1301, 1302, வரலாறு இரண்டும் பதினோராம் வகுப்பில் டூயல் கிரெடிட், பள்ளி வளாகத்திலேயே, பதினாறு வாரம். கால்குலஸ் பி.சி., உயிரியல், கணினி மூன்றும் ஏ.பி. அரசியல் பாடங்கள் அடுத்த ஆண்டு. ஆன்ராம்ப்ஸில் இயற்பியல் எடுக்கிறேன் என்று அவளே சொன்னாள். மதிப்பெண் பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம் என்பது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மனைவி, உளவியலும் சேர்க்கலாமே என்றார். எந்தப் பெட்டியில் என்று மகள் கேட்டாள். மூன்றிலும் பெட்டி கிடைத்தது, ஆகவே பன்னிரண்டாம் வகுப்புக்கு வைத்திருக்கிறோம்.

இனி என்ன செய்ய வேண்டும்?

சுண்ணக்கட்டி | டெக்சாஸ்

அப்ளை டெக்சாஸ் தளத்தில் கல்லூரிக்கு விண்ணப்பம், மகளின் சொந்த மின்னஞ்சலில்; பள்ளி மின்னஞ்சல் வேண்டாம், பள்ளி முடித்த பிறகு அது மூடப்படும். டி.எஸ்.ஐ. தகுதித் தேர்வு எழுத வேண்டும். எஸ்.ஏ.டி.யில் ஆங்கிலப் பகுதியில் 480, கணிதத்தில் 530 இருந்தால் அதுவும் தேவையில்லை. சேர்ந்தபின் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடம் இருக்காது, அதற்குப் பிறகு விலகியதைக் காட்டும் "டபிள்யூ" விழும். தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் குறிக்காதீர்கள்.

புத்தகத்தை முதல் வகுப்பு முடியும் வரை வாங்க வேண்டாம். பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வீட்டுப்பாடத் தளத்துக்கான குறியீடு தனியாக வேண்டும் என்று சில பேராசிரியர்கள் சொல்வார்கள். அதைப் பழையதாக வாங்க முடியாது.

வைகைக்கரை | பிரிஸ்கோ, டெக்சாஸ்

குறித்துக்கொண்டேன் ஐயா. மன்னிக்கவும், மகள் குறித்துக்கொண்டாள்.